இருவர் திரும்பிப் பார்த்த சொல்

சாப்பாட்டுக் கடைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு, முதுகில் பள்ளிக்கூடப் பையும் தொப்பியில் பனித்தூளுமாக ஒரு சிறுமி உள்ளே வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிப் பக்கம் பார்த்து "அப்பா" என்று கூப்பிட்டாள். குசினி வாசலில் தொங்கிய துணித்திரையை விலக்கிக்கொண்டு கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதே கணத்தில், எனக்கு எதிரே இருந்து மீன் சூப் குடித்துக்கொண்டிருந்த என் அத்தான் கரண்டியைக் கோப்பைக்குள் விட்டுவிட்டுக் கதிரையிலிருந்து பாதி எழும்பி நின்றார். ஒரு சொல், அதற்கு இரண்டு ஆண்கள். சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தான் எழும்பிய வேகத்திலேயே இருந்துவிட்டார். காற்சட்டையில் தெறித்த சூப்பைக் கடதாசியால் துடைக்கத் தொடங்கினார், துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கொரிய மொழியிலும் தகப்பனை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு இது ஊரறிந்த சங்கதி. கொரிய நாடகம் பார்க்கிற சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். கலைவிழா மேடைகளில் இந்தச் சொல்லை வைத்து இரண்டு மொழிக்கும் சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள். சம்பந்தமோ தற்செயலோ, அதைத் தீர்க்கிற படிப்பு என்னிடம் இல்லை. அந்த இரண்டு அசை என் அத்தானைப் படுத்திய பாடுதான் எனக்குத் தெரியும். நான் ஓரிடத்தில் தரிக்காத மனிதன். இந்த டெனிஷ் நாட்டில் எத்தனையோ ஊர்களில் பெட்டியை இறக்கி, திரும்ப ஏற்றியிருக்கிறேன். கடல் மணக்கிற ஊர், பன்றிப் பண்ணை மணக்கிற ஊர், ஒன்றுமே மணக்காத ஊர். ஆனால் எந்த ஊரில் இருந்தாலும், மாலையில் யாரோ உள்ளிப்பூண்டை நசுக்கி எண்ணெயில் போடுகிற வாசம் வந்தால், நான் நிற்பது புரொண்பிக்குப் போகிற பஸ் வழியில், ஒரு சைக்கிள் திருத்துகிற கடைக்குப் பக்கத்தில், ஆறேழு மேசை போட்ட அந்தக் கொரியக் கடை வாசலில்தான்.

அத்தான் என்றால் என் ஒரே அக்காவின் புருஷன். அக்காவின் வயிற்றில் பிள்ளை இருந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர். பிள்ளை பிறந்த செய்தி அவருக்குக் கிடைத்தபோது அது குப்புறப் படுக்கத் தொடங்கியிருந்ததாம். நான் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன், படிப்பை அரைகுறையில் விட்ட இளந்தாரியாக. அல்பர்ட்ஸ்லுண்டில் ஓர் அறையும் குசினியுமாக இருந்த வீட்டில் இருவரும் ஒன்றாக இருந்தோம். அவருக்கு ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற தொழிற்சாலையில் வேலை, எனக்குப் பாண் தொழிற்சாலையில். அவர் சவர்க்காரம் மணப்பார், நான் புளித்த மா மணப்பேன். இரண்டு வாசமும் அந்தச் சின்ன அறைக்குள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும்.

கடையைக் கண்டுபிடித்ததும் ஒரு பிழையால்தான். பஸ் மாறி ஏறி, தெரியாத தரிப்பில் இறங்கி, சேறும் பனியும் கலந்து கிடந்த நடைபாதையில் வீட்டுப் பக்கம் எது என்று பார்த்துக்கொண்டு நின்றோம். காற்றில் அந்த வாசம் வந்தது. உள்ளி, மிளகாய், கருகுகிற எண்ணெய். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து மாலைக் காற்றில் அவித்த உருளைக்கிழங்கைத் தவிர வேறொன்றும் வராது. அத்தான் நின்றுவிட்டார். "மச்சான், ஆரோ எங்கட ஆக்கள் சமைக்கினம்" என்றார். யாழ்ப்பாணத்து வீடொன்றின் கதவைத் தட்டப் போகிறோம் என்ற நினைப்பில்தான் அந்தக் கதவைத் திறந்தோம். உள்ளே ஒவ்வொரு மேசையிலும் இந்த நாட்டு வழக்கப்படி ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால், வெள்ளை ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, வட்டமுகக் கொரியர் ஒருவர் எங்களைப் பார்த்துக் குனிந்தார்.

இருந்தோம், வேறென்ன செய்வது. நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரத் தொடங்கின. கோவா இலையை மிளகாய்த்தூளில் பிரட்டிப் புளிக்கவைத்த கிம்ச்சி, அவித்த கீரையில் எள்ளுத் தூவியது, என்னவென்று தெரியாத ஏதோ ஒரு கிழங்கு. நாங்கள் கேட்கவில்லை என்று கையை ஆட்டினோம். அவர் அதைப் போதவில்லை என்று விளங்கிக்கொண்டாரோ என்னவோ, உள்ளே போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அதில் காய்ந்த நெத்தலி, பொரித்து இனிப்பும் உறைப்புமாகப் பிரட்டியது. கண்ணோடும் வாலோடும் முழு நெத்தலி. அத்தான் ஒன்றை விரலால் எடுத்து மெழுகுதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஸ்டேஷனில் தன் ஊராளைக் கண்ட மாதிரி. பிறகு கடைக்காரர் தலையின் இரண்டு பக்கமும் சுட்டுவிரல்களைக் கொம்பாக வைத்து, "தின்பீர்களா" என்று கண்ணால் கேட்டார். மாடு வேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒன்றாகத் தலையாட்டினோம். கொம்பை இறக்கி, உள்ளங்கைகளைச் சேர்த்து நெளித்து ஒரு மீனை நீந்தவிட்டார். ஓம் என்றோம். முள்ளங்கி போட்டு, செக்கச்செவேலென்று, மண்சட்டியில் கொதித்தபடியே வந்தது மீன். தேங்காய்ப்பால் ஒன்றுதான் இல்லை. அத்தான் தலைப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த நாட்களில் அக்கா தன் குரலைக் கசெற்றில் பதிந்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவா. சண்டையில் பாதை பூட்டியிருந்தால் அது வந்துசேர மாதங்கள் எடுக்கும். ஒருமுறை வந்த கசெற்றில் பிள்ளையையும் பேசவைக்கப் பார்த்திருந்தா. "சொல்லு குஞ்சு, அப்பா எண்டு சொல்லு. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்." அதற்குப் பிறகு நீளமாக ஒன்றும் இல்லை. பிள்ளை மூச்சு விடுகிற சத்தம், தெருவில் ஒரு சைக்கிள் மணி, திரும்ப அக்காவின் கெஞ்சல், திரும்ப மூச்சு. கடைசியில் பிள்ளையின் குரல் வந்தது: "அம்மா, போதும்." அத்தான் அந்த இடத்தில் கசெற்றை நிற்பாட்டிவிட்டுச் சிரித்தார். "கூச்சம் பிள்ளைக்கு, தாயைப் போல" என்றார். தாய்க்குக் கூச்சமே கிடையாது என்பது தம்பியான எனக்குத் தெரியும்.

அந்தக் கசெற் வந்து சில நாட்களுக்குள்தான் கொரியச் சிறுமி கடைக்குள் வந்து கூப்பிட்டதும் அத்தான் பாதி எழும்பியதும் நடந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் கொரியக் கடை என்றாகிவிட்டது. மீனுக்குத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் அவர் கதவைப் பார்க்கிற மேசையில்தான் இருப்பார். பிள்ளை வருகிற நேரம் நெருங்கினால் கதை குறைந்துவிடும். அவள் வந்து அந்தச் சொல்லைச் சொன்னதும், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, தகப்பன் வீட்டில் இருக்கிறார் என்ற நிச்சயத்தோடு சொன்னதும், அவருடைய தலை தன்பாட்டில் திரும்பும். திரும்பிய தலையை என்ன செய்வதென்று தெரியாமல் யன்னலைப் பார்ப்பார். சிறுமி கெட்டிக்காரி, இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு அது விளையாட்டாகிப் போனது. மேசைக்குக் கீழே ஒளித்திருந்து கூப்பிடுவாள், யார் முதலில் திரும்புகிறார் என்று பார்ப்பாள். முதலில் திரும்பியவர் தோற்றவர், அவர் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுக்கவேண்டும் என்று எப்படியோ ஒரு சட்டமும் உண்டானது. அத்தான் வேண்டுமென்றே தோற்பார்.

இரண்டு ஆண்களுக்கும் அதில் ஒரு சிநேகிதம் பிடித்துக்கொண்டது. இருவருடைய டெனிஷும் ஒன்றுக்கொன்று மோசம். ஒருவர் மற்றவரின் பெயரைச் சொன்னால் நாக்கு இடறியது. அதனால் ஒருவரை ஒருவர் அப்பா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். "அப்பா, சோறு இன்னும்?" என்று அவர் கேட்பார். "போதும் அப்பா" என்பார் இவர். பக்கத்து மேசை டெனிஷ்காரர்கள் அதை ஏதோ கடையின் பெயர் என்று நினைத்திருப்பார்கள். முதுகுவலி, பனி வழிக்கிற கரைச்சல், பிள்ளைகள் என்று அவர்களுடைய கதை போகும், பாதி சொல்லாகவும் பாதி கையாகவும். ஒருநாள் கொரிய அப்பா கேட்டார், உங்கள் மகள் எவ்வளவு உயரம் என்று. கேட்டுவிட்டுத் தன் மகளின் தலை வருகிற இடத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். அத்தானும் கையை நீட்டினார். நீட்டிய கை முழங்காலடியில் கொஞ்சம் நின்றது, மேலே வந்தது, தயங்கி இறங்கியது, எங்கே நிற்பதென்று தெரியாமல் காற்றில் அலைந்தது. பிறகு அந்தக் கையாலேயே தண்ணீர்க் கிளாசை எடுத்துக் குடித்தார். கொரிய அப்பா எழும்பிப் போய் நெத்தலிக் கிண்ணத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

அக்காவும் பிள்ளையும் வந்துசேர்ந்தபோது பிள்ளைக்கு முதலாம் வகுப்புப் படிக்கிற வயது. விமான நிலையத்தில் அத்தான் குனிந்து கையை விரித்தபடி நின்றார். அவள் தாயின் சேலைக்குப் பின்னால் இருந்து அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான் என்று எல்லோரும் சொன்னோம். ஒரு கிழமை போகட்டும் என்றோம். அந்தக் கிழமைக்குள்தான் அது நடந்தது. வந்தவர்களைப் பார்க்க வீடு நிறையச் சனம். அக்கா குசினியில் இருந்து, அவரைச் சாப்பிடக் கூப்பிடு என்று பிள்ளையை அனுப்பினா. பிள்ளை நேரே வந்து, சனத்துக்கு நடுவில் இருந்த தகப்பனுக்கு முன்னால் நின்று, "இஞ்சேருங்கோ, சாப்பிட வரட்டாம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இஞ்சேருங்கோ என்பாள். வந்த நாள் தொட்டுத் தாய் அந்த மனிதரைக் கூப்பிட்ட ஒரே விதம் அதுதான். பிள்ளை அதைத்தான் அவருடைய பெயர் என்று பிடித்திருக்கிறாள். அவ்வளவு யோசித்து, அவ்வளவு துணிந்து, வீட்டுக்கு வந்த இந்தப் புது ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ ஒரு மாமி, "பாரடி, உனக்குச் சக்களத்தி வந்திட்டாள்" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினா. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "வாறன் பிள்ளை" என்று உடனே எழும்பினார். ஆனால் பிள்ளை அதற்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிட்டாள். அன்றோடு அவருக்கு அவள் வைத்த பெயரும் போனது. வேறு பெயர் வரவில்லை. கேட்க ஏதும் இருந்தால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவர் திரும்பும்வரை நிற்பாள். தாயிடம் சொல்லும்போது "அவர் வந்திட்டார்", "அவர் தேத்தண்ணி கேட்கிறார்."

அக்கா சும்மா இருக்கிற ஆளில்லை. அப்பா என்று கூப்பிட்டால்தான் ஐஸ்கிறீம் என்று ஒருநாள் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றா. பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. அத்தான் வந்து கிண்ணத்தை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தார். "அது விலை பேசி வாங்கிற சொல்லில்லை, விடும்" என்றார். அக்காவோடு அவர் குரல் தடித்துப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

இந்த நிலைமையில்தான் பிள்ளையையும் அக்காவையும் கொரியக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எவ்வளவு ஆசையாகப் போனார் தெரியுமா. சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, தன் வீட்டைக் காட்டப் போகிறவர் மாதிரி. கொரிய அப்பா குசினியில் இருந்து ஓடிவந்து, "அப்பா, மகள்?" என்று கேட்டு, தன் கையை எங்கள் பிள்ளையின் தலைக்கு நேரே பிடித்து, உயரத்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார். கொரியச் சிறுமி, அவள் இப்போது பெரிய வகுப்புக்காரி, பழைய விளையாட்டை ஞாபகம் வைத்து, மேசைக்குப் பின்னால் இருந்து "அப்பா" என்றாள். இரண்டு தலைகள் திரும்பின. எங்கள் பிள்ளை சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நெத்தலியை ஒரு வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்து நடந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, இவர் அவையளுக்கும் அப்பாவோ?"

முன்னால் நடந்த அத்தானின் நடை ஒரு கணம் தப்பியது. கேட்டிருக்கிறார்.

அதோடு அவர் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். மகள் கூப்பிடவேண்டிய பெயரை வேறு இடத்தில் செலவழித்துக்கொண்டிருந்தால் அது வீட்டுக்கு எப்படி வரும் என்று யோசித்திருப்பார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருந்து, பார்க்காத டிவியைப் பார்த்தார். ஊரில் அக்கா வைக்கிற மீன்குழம்புக்காக ஏங்கிய மனிதர், அதே குழம்பைத் தலைகுனிந்து சாப்பிட்டார். போவதை விட்ட பிறகும் அக்காவுக்கு அந்தக் கடையில் ஒரு கண் இருந்தது. வந்தவர்களிடம் பகிடியாகச் சொல்லுவா: "வீட்டில கிடைக்காத சாமான் கொரியன் கடையில கிடைக்குதாம், அதுதான் இவருக்கு அந்த அவா." சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவா. அந்தப் பகிடிக்குள் அவவுக்கும் ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் பஸ் தரிப்பில் கொரிய அப்பா என்னைப் பிடித்தார். கையில் லீக்ஸ் தண்டு நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பை. அப்பாவுக்கு வருத்தமா, சாப்பாட்டில் ஏதும் பிழையா, மாட்டிறைச்சி தவறிக் கலந்துவிட்டதா என்று கொம்பைக்கூட வைத்துக் காட்டினார். முகம் அவ்வளவு கவலையாக இருந்தது. எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். மகள் வந்துவிட்டாள். ஆனால் அவள் அவரை அந்தச் சொல்லால் கூப்பிடுவதில்லை. உங்கள் கடையில் எல்லோரும் கூப்பிடுகிறீர்கள். அவர் அதற்குப் பயப்படுகிறார். கொரிய அப்பாவுடைய பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடி, போனது. அவர் ஏறவில்லை. அடுத்த வெள்ளி கூட்டிக்கொண்டு வா, எல்லோரையும், என்றார்.

மன்றாடித்தான் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் கொரிய அப்பா ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து, இடுப்பு மடியக் குனிந்து, உரத்த குரலில் சொன்னார்: "வெல்கொமன், ஹெர் அப்பா." ஹெர் என்பது இந்த நாட்டில் திருவாளர் மாதிரி ஒன்று, முன்பின் தெரியாத பெரியவர்களுக்குப் போடுகிற பழைய மரியாதை. வாத்தியாரைக்கூட முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டில் அதை இப்போது பகிடிக்குத்தான் பாவிப்பார்கள். ஆனால் கொரிய அப்பாவின் முகத்தில் பகிடி இல்லை. அவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. அப்பா என்கிற வெறும் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அத்தானுக்கு ஒரு பட்டத்தைக் கட்டிவிட்டார். எங்கள் பிள்ளைக்கு அதற்குள் டெனிஷ் வந்திருந்தது. "ஹெர் அப்பா" என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள், சோறு மூக்கால் வருமட்டும் சிரித்தாள். அத்தான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவள் விலகவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கடையில் அப்பா என்றால் கொரியர், ஹெர் அப்பா என்றால் அத்தான். கொரியச் சிறுமியும், தகப்பன் சொல்லியிருப்பார்போல, விளையாட்டை விட்டுவிட்டாள். அத்தானும் கழுத்தைப் பழக்கிக்கொண்டார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கூப்பிடுவாள். அத்தான் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் கஷ்டப்பட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு பழகிவிட்டது. அந்தச் சொல் தலைக்கு மேலால் குசினிக்குப் போவதை நாங்களும் கேட்டுப் பழகிவிட்டோம்.

வருடங்கள் ஓடின. அக்காவின் மகளை, என் மருமகளை, நீச்சலுக்கு ஏற்றி இறக்கியது அத்தான். கணக்குப் பாடத்தில் கண்ணீர் விட்டபோது விளங்காத டெனிஷ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் இருந்தது அவர். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குத் தொழிற்சாலை உடுப்போடு ஓடியது அவர். அவளும் அவரில் உயிராகத்தான் இருந்தாள். தாய் ஏசினால் அவர் பக்கம் போய்த்தான் நிற்பாள். சொல் மட்டும் இல்லை. ஒருநாள் அவள் ஒரு சிநேகிதியோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். "மின் ஃபா" என்று தொடங்கி, என் அப்பா விடமாட்டார், என் அப்பா வந்து ஏற்றுவார், என்று டெனிஷில் வரிக்கு வரி அப்பாவாக இருந்தது. தாழ்வாரத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த அத்தான் நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "டெனிஷில நான் அவளுக்குத் தேப்பன்தான் மச்சான். தமிழிலதான் இன்னும் பதியேல்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார், அந்தக் கசெற் காலத்துச் சிரிப்பு.

நான் வைலேக்கு வந்துவிட்டேன், வேலைக்கு என்று வந்து, கடல் உள்ளே புகுந்து படுத்திருக்கிற அந்த ஊரில் எப்படியோ தங்கிவிட்டேன். மருமகள் ஓர்ஹூஸில் படிக்கப் போனபோது ரயிலில் வரும் வழியில் என்னிடம் இறங்கிச் சாப்பிட்டுப் போவாள். ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று எவ்வளவோ காலம் வைத்திருந்த கேள்வி. அவள் கோபிக்கவில்லை. டெனிஷில் தொடங்கி, இடையில் தமிழுக்கு மாறினாள்.

"சின்னனில விட்டிட்டன் மாமா. பிறகு தொடங்க வெக்கமாக் கிடந்தது. எந்த நாள் தொடங்கிறது? திடீரெண்டு ஒருநாள் கூப்பிட்டால், ஏன் இண்டைக்கு எண்டு யோசிப்பார். இவ்வளவு நாளும் ஏன் கூப்பிடேல்லை எண்டும் யோசிப்பார். அந்த முகத்தை என்னால பாக்க ஏலாது."

அவள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். ஒரு சொல்லைச் சொல்ல ஒரு நாள் வேண்டும், அந்த நாளுக்கு ஒரு காரணம் வேண்டும். பிறந்தநாள் காரணமாகாது, கலியாணம் காரணமாகாது. எல்லாம் நடந்தன, அவளுடைய கலியாண மேடையில்கூட அவர் காலில் விழுந்து எழும்பினாள், வாய் திறக்கவில்லை. பெரிய நாட்கள் எல்லாம் அவளைப் பயப்படுத்திக்கொண்டே கடந்து போயின.

போன குளிரில் கொரிய அப்பா இறந்துபோனார். கடை சில வாரம் பூட்டியிருந்தது. பனி கரைந்த பிறகு மகள் திறந்தாள். முன்பு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்த அந்தச் சிறுமிக்கு இப்போது நரை தொட்டிருக்கிறது, நடத்துவது அவள்தான். பழைய வாடிக்கைக்காரர் சிலரை ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள், எங்கள் வீட்டாருக்கு ஒரு மேசை. நான் வைலேயில் இருந்து ரயிலேறி வந்தேன். சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது நகம் பூசுகிற கடை. மெழுகுதிரிகள் அப்படியே. துணித்திரை மட்டும் புதிது, அதன் மடிப்பு இன்னும் குலையவில்லை.

அக்கா, அத்தான், மருமகள், நான். அத்தான் இப்போது ஓய்வு, முழங்கால் பேச்சுக் கேட்பதில்லை, ஒரு கையை மேசையில் ஊன்றித்தான் இருந்தார். "ஹெர் அப்பா" என்று கொரிய மகள் அவருடைய கோட்டை வாங்கித் தொங்கவிட்டாள். அதைச் சொல்ல இப்போது அவள் ஒருத்திதான். கிண்ணங்களை வைத்துக்கொண்டே மருமகளிடம் டெனிஷில் கதைத்தாள், சின்ன வயதிலிருந்து ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். கணக்கு வழக்கு, குசினி, ஆள் பிடிப்பது, எல்லாம் சமாளிக்கலாமாம். ஒன்றுதான் விளங்கவில்லையாம். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் வாய் தன்பாட்டில் திறந்துவிடுகிறது, இங்கே வந்தால் முதலில் அந்தச் சொல்லைத்தானே சொல்லிப் பழக்கம், திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த மேசைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

மீன் வந்தது, மண்சட்டியில் கொதித்தபடி. பழைய கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. கொம்பு வைத்துக் காட்டியதை அக்கா செய்து காட்டினா. அத்தான் வழக்கம்போலத் தலைப்பக்கத்தை எடுத்துக்கொண்டார். ஆவியில் கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலால் தடவித் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருமகள் கதையில் கலக்கவில்லை. அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, முள்ளு. பாத்துச் சாப்பிடுங்கோ."

அத்தான் நிமிரவில்லை. ஒரு கணம் விட்டு, குசினித் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தண்ணீர்ச் சாடியோடு நின்ற கொரிய மகளும் திரும்பித் திரையைத்தான் பார்த்தாள். அந்தக் கடையில் அந்தச் சொல் எந்தப் பக்கம் போகும் என்று எங்கள் எல்லோருடைய கழுத்துக்கும் தெரியும். திரை அசையவில்லை. புதுத் துணி, மடிப்புக் குலையாமல் தொங்கியது. அக்கா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி இருந்தா.

மருமகளின் முகம் கழுத்துவரை சூடேறியிருந்தது. இனி விடமுடியாது. எட்டி அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

"உங்களைத்தான் அப்பா."

அத்தான் அவளைப் பார்த்தார். அவள் எந்த முகத்தைப் பார்க்க ஏலாது என்றாளோ, அந்த முகம் வரவில்லை. ஏன் இன்றைக்கு என்ற கேள்வி அதில் எங்கும் இல்லை.

"ஓம் பிள்ளை, பாக்கிறன்" என்றார்.

கண்ணாடியை எடுத்து, துடைக்காமலே போட்டுக்கொண்டார். கோப்பைக்கு மேல் குனிந்து, சொன்னபடி, முள் பார்க்கத் தொடங்கினார். அக்கா தன் கோப்பையில் முள்ளெல்லாம் எடுத்து ஒதுக்கி வைத்திருந்த நடுத்துண்டைத் தூக்கி அவருடைய கோப்பைக்குள் வைத்தா. அதிலும் அவர் வெகுநேரம் முள் தேடிக்கொண்டிருந்தார்.